இடது பக்கம் பதினெட்டு

தடால் என்று சமையல்கட்டின் தகரக் கூரையில் ஒரு சத்தம். உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது. அடுத்த கணம் கையில் துடுப்போடு மணியம்மா வெளியே வந்து நின்றாள். சித்தூர்க் கல்லூரிப் பையன்கள் தங்கும் அந்த விடுதியில் நாற்பது பேருக்கும் சமைத்துப் போடுகிறவள் அவள்தான்.

"எவன்டா அவன்? கூரையில கீற தூசியெல்லாம் களிச் சட்டியில கொட்டிக்கிச்சி. ராத்திரிக்கு இன்னாத்த துன்னுவீங்க, பந்தையா?"

பந்து கூரையில் இரண்டு முறை குதித்து, முருங்கை மரத்தடியில் விழுந்து கிடந்தது. மைதானத்தில் எல்லோரும் செங்கல்வராயனைப் பார்த்தார்கள். அவன் தன் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தான், அது வேறு யாருடைய காலோ என்பது போல.

கோட்டுக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சம்பத், மடியிலிருந்த நோட்டில் ஒரு பெருக்கல் குறி போட்டான்.

சம்பத் நகரிக்காரன். போன வருஷம் வரை அவனும் கல்லூரிக் கால்பந்து அணியில் ஆடியவன். முழங்கால் உடைந்தது, அத்தோடு ஆட்டம் போயிற்று. ஆட முடியாதவனுக்கு ஆட்டத்தை எழுதும் வேலை வந்து சேர்ந்தது. யார் பந்தை யாருக்குக் கொடுத்தான், போய்ச் சேர்ந்ததா, இல்லையா. சேர்ந்தால் ஒரு டிக். சேராவிட்டால் பெருக்கல் குறி. சித்தூரில் ஆடினாலும் திருப்பதியில் ஆடினாலும் அந்த நோட்டு அவன் மடியில் இருக்கும்.

செங்கல்வராயன் அந்த அணியின் சென்டர் ஹாஃப். நடு ஆள். பின்னாலிருந்து வரும் பந்து அவன் காலில் பட்டுத்தான் முன்னால் போகும். எந்தப் பக்கம், யாருக்கு, எப்போது என்பதை முடிவு செய்கிறவன் அவன். ஆட்டத்தின் முதல் ஒரு மணி நேரம் அவன் கொடுக்கும் பந்து தட்டில் வைத்து நீட்டிய மாதிரி போகும். கடைசிப் பத்து நிமிஷத்தில் கூரையில் ஏறும்.

மூன்று நாள் முன்புதான் திருப்பதியிலிருந்து கடிதம் வந்திருந்தது. பல்கலைக்கழக அணிக்கு ஆள் பொறுக்குகிற டைரக்டர் கிருஷ்ணப்பா எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை திருப்பதிக் கல்லூரியோடு நடக்கும் ஆட்டம்தான் கடைசித் தேர்வு. சென்டர் ஹாஃப் இடத்துக்கு இரண்டே பேர்: சித்தூரின் செங்கல்வராயன், திருப்பதியின் கோவர்த்தனன். பாஸ் நோட்டைக் கொண்டு வரவும். அதில் நெருக்கடிக் கட்டங்களை மட்டும் தனியாக எண்ணிக் கொண்டு வரவும். நெருக்கடி என்றால் என்ன என்பதையும் அவரே எழுதியிருந்தார்: கடைசிப் பத்து நிமிஷம், கோல் சமமாக இருக்க வேண்டும் அல்லது ஒன்று குறைவாக, எதிராளி இரண்டு எட்டு தூரத்துக்குள் நிற்க வேண்டும். 'சும்மா இருக்கும்போது எல்லோரும் சரியாகக் கொடுப்பார்கள். கழுத்தில் கை விழும்போது கொடுக்கிறவன்தான் எனக்கு வேண்டும்.'

சம்பத் எண்ணி முடித்திருந்தான். ஆறு ஆட்டங்கள். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு பாஸ். அதில் நூற்று எழுபத்தொன்று சரி. ஜில்லாவில் வேறு எவனுக்கும் அந்தக் கணக்கு கிடையாது. நெருக்கடியில் மட்டும் முப்பத்தொன்று. சரியானவை பன்னிரண்டு.

"பன்னண்டா?" என்றான் செங்கல்வராயன். இருவரும் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

"மூணு தடவ எண்ணிட்டேன்டா."

"அந்த கோவர்த்தனனுக்கு?"

"திருப்பதி நோட்டு எழுதற பையனக் கேட்டேன். இருவத்தொம்போதுல இருவது."

செங்கல்வராயன் தொட்டித் தண்ணீரில் கையை விட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். நிறைய நேரம் துடைத்தான்.

ஆந்திராவுக்கும் மெட்ராஸுக்கும் நடுவே எல்லைத் தீர்ப்பு வந்து எல்லாம் முடிவாகியிருந்தது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பள்ளிப்பட்டுப் பக்கத்து ஊர்கள் மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போகின்றன. செங்கல்வராயனின் ஊரும் அந்தப் பட்டியலில் இருந்தது. பட்டியல் வந்த அன்று ஊரில் மேளம் அடித்தார்கள். அவன் நைனா ரங்கன், வெல்லக் கொட்டகையில் கூலி வேலை செய்கிறவர், ஏழு வருஷம் ஊர்வலம் ஊர்வலமாகக் கொடி பிடித்து நடந்தவர், அன்று எல்லோருக்கும் வெல்லம் கொடுத்தார்.

மறு வாரம் விடுதி நடத்தும் தர்ம சங்கத்தின் குமாஸ்தா செங்கல்வராயனைக் கூப்பிட்டு அனுப்பினார். இலவச இடம் ஆந்திர ராஜ்யத்துப் பிள்ளைகளுக்கு மட்டும். ஜூனில் பெட்டியோடு வர வேண்டாம். அவனுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி இருந்தது. பல்கலைக்கழக அணியில் சேர்ந்தால் மட்டும் வழி உண்டு. அந்த ஆட்டக்காரர்களுக்குத் திருப்பதியில் தனி விடுதி, சாப்பாடு, படிப்பு. எந்த ஊர் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அன்று மாலையே யாரோ அவன் தகரப் பெட்டி மேல் சாக்கட்டியால் 'மெட்ராஸ்' என்று தெலுங்கில் எழுதி வைத்திருந்தார்கள். அவன் அதை அழிக்கவில்லை. சாப்பாட்டு வரிசையில் 'மெட்ராஸ் துரைகாரு' என்று வழி விட்டார்கள். அதற்கும் அவன் சிரித்து வைத்தான்.

"சம்பத்து."

"இன்னா?"

"பன்னண்ட இருவத்திரண்டா மாத்திடேன்."

சம்பத் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டான்.

"ஒரே ஒரு கோடுடா. ஒண்ணு ரெண்டாவுது. அவ்வளோதானே. கொட்டாயில நைனா சொல்லி வெச்சிட்டாரு. கரும்பு வெட்ட சேந்துக்கறேன்னு. நான் சேரக்கூடாதுன்னு இல்ல. எங்க நைனா வெட்டல? இங்க ரெண்டு வருசம் படிச்சிட்டு அங்க போய் நின்னா, மொத நாளு எல்லாரும் வந்து பாப்பாங்கடா. அத நெனச்சாதான்."

"மாத்தலாம்டா. ஆனா ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எதிர்க் கட்சியும் நோட்டு போட்டுகினு கீது. கிருஷ்ணப்பா ரெண்டையும் பக்கத்துல வெச்சி பாப்பாரு. மாட்டினா ஒனக்கு இடமும் போவும், பேரும் போவும்."

"அப்ப நான் கரும்பு வெட்டப் போவணும்."

"ரெண்டு நாள் குடு" என்றான் சம்பத். ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை.

இரண்டு நாளில் என்ன செய்ய முடியும்? நோட்டு ஒன்றுதான் அவனிடம் இருந்தது. விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு அந்த முப்பத்தொன்றையும் வேறு விதமாகப் பிரித்தான். எந்த மாதம் என்று பிரித்தான், ஒன்றும் தெரியவில்லை. மழை ஈரமா, காய்ந்த தரையா, ஒன்றும் இல்லை. எந்தப் பக்கம் கொடுத்தான் என்று பிரித்தபோது பென்சில் நின்றது.

வலது பக்கம் பதின்மூன்று. சரி பத்து.

இடது பக்கம் பதினெட்டு. சரி இரண்டு.

இடது பக்கம் நிற்கிறவன் கங்கையா. வெதுருகுப்பத்துத் தெலுங்குப் பையன், விடுதிக்கு வந்துதான் தமிழ் பேசக் கற்றவன், பள்ளிக்கூட வாத்தியார் மகன், ஒல்லி. செங்கல்வராயனுக்கு ஒரு வகுப்புக் கீழே. செங்கல்வராயனை 'அன்னா' என்று தவிரக் கூப்பிட மாட்டான். பெட்டி மேல் 'மெட்ராஸ்' என்று எழுதினவன் யார் என்று கண்டுபிடிக்க நாலு பேரோடு சண்டை போட்டவன். அவன் வேண்டுமென்று பந்தை விடுகிறவன் இல்லை. அப்படியானால்?

வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் சம்பத் ஸ்டூலை இடது பக்கக் கோட்டுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டான். பந்தைப் பார்க்கவில்லை. கங்கையாவை மட்டும் பார்த்தான்.

முதல் ஒரு மணி நேரம் கங்கையா வாயே திறக்கவில்லை. பந்து வேண்டுமென்றால் கையைத் தூக்கினான். செங்கல்வராயன் பார்த்தான், கொடுத்தான், போய்ச் சேர்ந்தது. கடைசிப் பத்து நிமிஷம் என்று விசில் ஊதியதும் ஆட்டம் சூடு பிடித்தது. செங்கல்வராயன் மேல் இரண்டு பேர் பாய்ந்தார்கள். கங்கையா பதற்றத்தில் கையை மறந்துவிட்டுக் கத்தினான்.

"வெய், வெய்."

செங்கல்வராயனின் கால் பந்தின் மேல் ஏறி அதை மிதித்து நிறுத்தியது. ஒரு கணம்தான். அதற்குள் இரண்டு பேரும் வந்து இடித்தார்கள். தடுமாறி உதைத்த உதை கோட்டுக்கு வெளியே போயிற்று.

சம்பத் நோட்டை மூடினான். அடுத்த முறையும் அதுவே நடந்தது. வெய் என்ற சத்தம். பந்தின் மேல் கால். இடி. வெளியே.

ஆட்டம் முடிந்து எல்லோரும் குளிக்கப் போன பிறகு அவன் செங்கல்வராயனைப் பிடித்துக்கொண்டான்.

"டேய், தெலுங்குல 'வெய்'னா இன்னா?"

"போடு. தள்ளு. இன்னாடா, பரிச்ச வெக்கிறியா? பள்ளிக்கூடம் பூரா தெலுங்குலதானே படிச்சேன்."

"ஒங்க ஊர்ல பந்து ஆடுவீங்களே, அப்ப 'வெய்'னா இன்னா?"

செங்கல்வராயன் யோசித்தான். "ஏரி வத்திட்டா அதுல துணிப்பந்து வெச்சி ஆடுவோம். யாருனா 'வெய்'னு கத்தினா, மிதிச்சி நிறுத்து, வெச்சிக்கோன்னு அர்த்தம். எதுக்கு கேக்கற?"

"மைதானத்த ஆறு சுத்து ஓடு."

"பைத்தியமா ஒனக்கு? இப்பதானே ஆடி முடிச்சேன்."

"அதுக்குத்தான். ஓடு."

ஓடினான். ஆறாவது சுற்றில் மூச்சு இரைத்தது. சம்பத் அவன் காலுக்கு முன்னால் பந்தை உருட்டிவிட்டு, தள்ளிக்கொண்டே வரச் சொன்னான். பாதி தூரத்தில், முதுகுக்குப் பின்னாலிருந்து, ஒரே ஒரு முறை கத்தினான்.

"வெய்."

செங்கல்வராயனின் கால் பந்தை மிதித்து நிறுத்தியது.

அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான். "இன்னொரு தபா கத்து" என்றான். சம்பத் கத்தினான். மறுபடியும் நின்றது. மூன்றாம் முறையும் நின்றது. செங்கல்வராயன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"உக்காந்து கேட்டா எனக்கு தெலுங்கு தெரிது. மூச்சு வாங்கறப்ப கால் தமிழ்லதான் கேட்டுக்குது."

"பதினெட்டுல பதினாறு இப்பிடித்தான் போயிருக்கும்டா. ஒங்கிட்ட ஒரு கொறையும் இல்ல. ஒரு சொல்லு. அவ்வளோதான். வா, கங்கையாகிட்ட சொல்லிடலாம். கைய தூக்கு, இல்ல வேற எதுனா கத்துன்னு."

செங்கல்வராயன் சட்டென்று எழுந்து அவன் கையைப் பிடித்தான். பிடி வலித்தது.

"வேணாம்."

"ஏன்டா?"

"அவன் நல்லவன். ஆனா வாயில ஒண்ணும் நிக்காது. சாப்பாட்டு வரிசையில சொல்லுவான். 'அன்னாவுக்கு தெலுங்கு காதுல வுழாது'ம்பான். அப்புறம் ஞாயித்துக்கெழம வரைக்கும் போவணுமா அது? நாளைக்கே திருப்பதிக்குப் போயிடும். ஏற்கெனவே பொட்டி மேல எழுதிட்டானுங்க. ஊரும் மெட்ராஸு, காதும் மெட்ராஸுன்னா, எந்த டைரக்டரு என்ன எடுப்பாரு? ஒன் தலைமேல அடிச்சி சத்தியம் பண்ணு. யாருக்கும் சொல்லமாட்டேன்னு."

சம்பத் தன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். "அப்ப ஒன் காலத்தான் மாத்தணும்."

"மாத்து."

சனிக்கிழமை முழுவதும் அதுதான் வேலை. விடுதிக்குப் பின்னால், மாந்தோப்பு ஓரத்தில், யாரும் வராத இடம். செங்கல்வராயன் மூச்சு வாங்கும் வரை ஓடுவான். பந்து உருளும். சம்பத் கத்துவான். முதல் இருபது முறை கால் நின்றது. பிறகு தயங்கியது. வெயில் ஏறியபோது, நிற்பதா தள்ளுவதா என்று தெரியாமல் கால் பந்தை விட்டுக் காற்றை உதைத்து அவன் மல்லாக்க விழுந்தான்.

"யோசிக்கற. யோசிக்காத" என்றான் சம்பத். "அந்த சொல்லு காதுல வுழுந்தா கால் போட்டுடணும். இடது பக்கம், நேரா. பாக்கக்கூட வேணாம். பாக்கற நேரத்துலதான் வந்து இடிக்கிறானுங்க."

"பாக்காமயா?"

"அவன் கூப்பிடறான்னா ஆள் இல்லாத எடத்துலதானே நின்னுகினு கீறான். நம்பிப் போடு."

பிற்பகலில் கால் கற்றுக்கொண்டது. வெய் என்றால் பந்து பறந்தது. எண்பது முறை, நூறு முறை. பத்து கெஜத்தில் நட்டு வைத்த குச்சியைத் தொட்டுக்கொண்டு போயிற்று. செங்கல்வராயன் இரண்டு வாரத்தில் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தான். பசிக்கிறது என்று சொன்னான்.

தட்டெடுக்கச் சமையல்கட்டுக்குள் சம்பத் நுழைந்தபோது கங்கையா அங்கே அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மணியம்மா ஏதோ சொல்ல, அவன் திருப்பிச் சொல்ல, அவள் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடா, இங்க ஒக்காந்து காக்கா பிடிக்கிற? ரெண்டாவது களியா?" என்றான் சம்பத்.

"லேதன்னா, ஒண்ணுமில்ல, சும்மா" என்று கங்கையா எழுந்து போய்விட்டான். அவன் காது சிவந்திருந்தது. சம்பத்துக்கு அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் திருப்பதி போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. மலைக்குப் போகிற மொட்டைத் தலைகளும் வருகிற மொட்டைத் தலைகளுமாகத் தெரு நிறைந்திருந்தது. மைதானத்தைச் சுற்றியும் நல்ல கூட்டம். செங்கல்வராயன் காலில் இருந்த பூட்ஸ் சம்பத்துடையது. முழங்கால் உடைந்த பிறகு அவனுக்கு அது தேவைப்படவில்லை. முனையில் காகிதம் திணித்துப் போட்டிருந்தான்.

டைரக்டர் கிருஷ்ணப்பா சம்பத்தைத் தன் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார். நெற்றியில் நாமம், கையில் கோடு போட்ட தாள், காதில் பென்சில். நோட்டை வாங்கி நெருக்கடிக் கணக்கைப் பார்த்தார். உதடு பிதுங்கியது.

"முப்பத்தொண்ணுக்குப் பன்னண்டு. நீயே எழுதினதா?" என்று தெலுங்கில் கேட்டார்.

"ஆமா சார்."

"நண்பனுக்காகக் கூட்டிப் போடலையே. நல்லது." நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "இது பழைய கதை. இன்னிக்கு என் கண்ணுக்கு முன்னால மாத்திக் காட்டினான்னா நானும் மாத்திக்குவேன்."

ஆட்டம் தொடங்கியது. முதல் பாதியில் திருப்பதி ஒரு கோல் போட்டது. இரண்டாம் பாதியில், செங்கல்வராயன் வலது பக்கம் தள்ளிய பந்திலிருந்து சித்தூர் ஒன்றைத் திருப்பியது. ஒன்றுக்கு ஒன்று. கிருஷ்ணப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்தார்.

"பத்து நிமிஷம். இனிமேதான் ஆட்டம்."

சம்பத் நோட்டில் புதுப் பக்கம் திருப்பினான்.

முதல் நெருக்கடி. இரண்டு பேர் பாய்ந்தார்கள். செங்கல்வராயன் உடம்பை வளைத்து வலது பக்கம் கொடுத்தான். சேர்ந்தது. கிருஷ்ணப்பா ஒரு டிக் போட்டார். இரண்டாவது, மறுபடியும் வலது. சேர்ந்தது. மூன்றாவது முறை இடது பக்கம். கங்கையா கையைத் தூக்கினான், கத்தவில்லை. பந்து அவன் காலடியில் போய் நின்றது. நான்காவதும் இடது. அப்போதும் கங்கையா கத்தவில்லை, கையைத்தான் தூக்கினான்.

பயல் இன்று ஏன் வாயே திறக்கவில்லை என்று சம்பத்துக்குத் தோன்றியது. தோன்றியதை உடனே தள்ளினான். நாலுக்கு நாலு. இந்த நிமிஷத்தில் ஆராய்ச்சி எதற்கு?

கிருஷ்ணப்பா தாளைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தை எடுத்தார். "முழுப் பேர் என்ன? இனிஷியலோட சொல்லு."

"ர. செங்கல்வராயன் சார்." பென்சில் 'ர' என்று எழுதுவதை சம்பத் பார்த்தான். தெலுங்கு 'ர'. வட்டமாக, அழகாக இருந்தது.

ஒரு நிமிஷம்தான் பாக்கி. பந்து நடுவில் செங்கல்வராயனிடம் வந்தது. முதுகில் ஒருவன் ஒட்டிக்கொண்டிருந்தான். எதிரில் ஒருவன் ஓடி வந்தான். கோவர்த்தனன் கோலைக் காக்கப் போவது போல நாலு எட்டு பின்னால் போனான். பிறகு சத்தமில்லாமல் இடது பக்கம் சாய்ந்து, கங்கையாவின் தோளுக்கு ஓர் எட்டு முன்னால் வந்து நின்றான். செங்கல்வராயன் அதைப் பார்க்கவில்லை. அவன் முகம் வலது பக்கம் இருந்தது.

கங்கையா பார்த்தான். அவன் கை தூக்கவில்லை. இரண்டு கையையும் கீழ் நோக்கி அமுக்கிக் காட்டிக்கொண்டே, தொண்டை கிழியக் கத்தினான்.

"வெய். அன்னா, வெய்."

சம்பத் நாற்காலி நுனிக்கு வந்தான். இந்தச் சொல்லுக்காகத்தானே நூறு முறை.

கால் நிற்கவில்லை. தயங்கவில்லை. செங்கல்வராயன் திரும்பிப் பார்க்காமலே இடது பக்கம் நேராக, குச்சியைத் தொட்டுப் போன அதே உதை உதைத்தான். அவ்வளவு சுத்தமான பாஸை சம்பத் அந்த வருஷத்தில் பார்த்ததில்லை. அது கோவர்த்தனனின் காலில் போய் உட்கார்ந்தது.

கோவர்த்தனன் ஓடினான். அவனைப் பிடிக்க நடுவில் ஆள் இல்லை. நடு ஆள் இன்னும் பின்னால் திரும்பிக்கொண்டிருந்தான். கோல் வலை உப்பியது. கூட்டம் எழுந்து கத்தியது. விசில்.

சம்பத் எழுந்து நின்றான்.

கிருஷ்ணப்பா வெள்ளைப் பக்கத்தில் எழுதிய 'ர'வைப் பார்த்தார். அதன் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'கோ' என்று எழுதினார்.

"சார், நாலு சரி சார். அஞ்சுல நாலு."

"தெரியும். தப்பு எல்லோரும்தான் பண்றாங்க. எண்ணிக்கைக்காக நான் தள்ளல. அந்த அஞ்சாவதை அவன் பாக்காம கொடுத்தான். நீயும்தானே பார்த்த? பாக்காம கொடுக்கிறவனை நடுவுல நிறுத்த முடியாது."

"சார், அவனுக்கு ஒரு சத்தம் கேட்டது சார். அவன் தமிழ்ப் பையன். நெருக்கடியில அந்தச் சொல்லு அவனுக்கு..." சத்தியம் நாக்கில் இடித்தது. இடித்தாலும் சொன்னான். வெய் என்ற சொல்லை, இரண்டு அர்த்தத்தை, நோட்டில் இருக்கும் பதினெட்டை, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னான்.

கிருஷ்ணப்பா கேட்டார். கடைசி வரை கேட்டார். பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"பாவம்தான். ஆனா பாக்க வேணாம்னு அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு?"

சம்பத் நோட்டை எடுத்துக்கொண்டு செங்கல்வராயனைத் தேடிப் போனான்.

மைதானத்து ஓரத்தில் குழாயடி இருந்தது. செங்கல்வராயன் அங்கே தரையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். கயிற்றை அவிழ்த்து, முனையில் திணித்த காகிதத்தை வெளியே எடுத்து, சேற்றைக் கழுவி, இரண்டையும் ஜோடியாக வைத்தான். சம்பத் வந்து நின்றதும் பூட்ஸை அவன் பக்கம் நகர்த்தினான்.

"காஞ்சதும் எண்ண தடவி வெய்டா. இல்லன்னா வெடிச்சிடும்."

"நீயே வெச்சிக்கோ."

"கரும்புக் கொல்லையில இத போட்டுகினு போனா சிரிப்பாங்க." அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. அழுதிருந்தால் தேவலை என்று சம்பத்துக்கு இருந்தது. "நைனாகிட்ட நான்தான் சொல்லணும். நீ வராத."

கங்கையா ஓடி வந்தான். இடது பக்கத்து இடம் அவனுக்குக் கிடைத்துவிட்டது, பெயரை வாசித்திருந்தார்கள். அந்தச் சந்தோஷம் முகத்தில் எங்கும் இல்லை. கண்ணும் மூக்கும் ஒழுகிக்கொண்டிருந்தன. செங்கல்வராயன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான்.

"எந்துக்கு அன்னா குடுத்த? அவன் என் முன்னால வந்து நின்னுகினு இருந்தானே. வேணாம், ஒங்கிட்டயே வெச்சிக்கோன்னு நான் அவ்ளோ கத்தறேன். கையாலயும் காட்டறேன். எந்துக்கு குடுத்த?"

"நீதானே குடுன்னு கத்தின" என்றான் செங்கல்வராயன்.

"நானா?"

"வெய்னு கத்தல? ஒங்க பாசையில வெய்னா போடுதானே? இத்தினி நாளா அது புரியாமத்தான் மிதிச்சி மிதிச்சி நின்னேன். நேத்து பகல் பூரா ஒக்காந்து கத்துக்கினேன்டா, ஒன் தெலுங்க."

கங்கையா அவனையே பார்த்தான். பிறகு சம்பத்தைப் பார்த்தான். குழாயில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. யாரும் அதை மூடவில்லை.

"நான் வெய்னு கத்தினா நீ மிதிச்சி நிக்கறது ரெண்டு மாசமா பாக்கறேன் அன்னா. அதான் நேத்து மணியம்மாகிட்ட போய் தமிழ்ல அதுக்கு இன்னா அர்த்தம்னு கேட்டேன்" என்றான் கங்கையா. "இன்னிக்கு நான் தெலுங்குல கத்தலியே. ஒனக்கு புரியணும்னு தமிழ்லதானே கத்தினேன்."